ஊர் கூடிச் சொன்னால் அது தீர்ப்பாகிவிடுமா?

வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

சட்ட அதிகாரம் ஏதுமின்றி ஊரார் கூடித் தீர்ப்பும் தண்டனையும் விதிக்கும் கட்டப்பஞ்சாயத்தைக் கண்டித்துச் சென்ற இதழில் நான் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். சிலர் கோபத்தோடும், பலர் வேதனையோடும் எழுதியுள்ளனர். அவர்களின் பாதுகாப்பு கருதிப் பெயரையும் ஊரையும் தவிர்த்து, மாவட்டத்தை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஊர்ப் பஞ்சாயத்துகளைக் குறை கூறி எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரில் வாய்க்கால் தகராறும் வரப்புத் தகராறும் ஒரே மாலையில், காசு செலவில்லாமல் தீர்கின்றன. நீதிமன்றத்துக்குப் போனால் என் மகன் காலத்திலாவது தீருமா? நன்றாக நடக்கும் ஒன்றை ஏன் எதிர்க்கிறீர்கள்?
– விவசாயி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஒரு வரப்புத் தகராறு, ஆணையர் அறிக்கை, சாட்சி விசாரணை, மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் இழுபடுவதை நான் அன்றாடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி வந்து, நீதிமன்ற வராந்தாவில் நின்றுவிட்டுத் திரும்பும் விவசாயியிடம் போய், ஊரில் பேசித் தீர்த்துக்கொள்வதே தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. எந்த மடையை எந்த முறையில் திறப்பது, யார் மாடு யார் பயிரை மேய்ந்தது என்பவற்றை, அந்த நிலத்தையும் நீரையும் அறிந்த பெரியவர்கள் பேசி முடிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

நான் எதிர்ப்பது, அந்தப் பேச்சு எப்போது கட்டளையாக மாறுகிறதோ அதை. இரண்டையும் பிரித்தறிய நான் கேட்டுப்பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: கூட்டத்தில் நிற்பவர்களிலேயே எளியவர், ‘இந்த முடிவு எனக்குச் சம்மதமில்லை’ என்று சொல்லிவிட்டு வீடு திரும்பி, மறுநாள் காலையில் வழக்கம்போலக் குழாயடிக்கும் மளிகைக்கடைக்கும் போய்வர முடியுமா? முடியும் என்றால் உங்கள் ஊரில் நடப்பது சமரசம். முடியாது என்றால், அங்கே எவ்வளவு நல்லவர்கள் உட்கார்ந்திருந்தாலும் அது கட்டப்பஞ்சாயத்துதான்.

பல ஆண்டுகளுக்கு முன் இலவசச் சட்ட உதவி முகாமுக்காக ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து ஊர்க்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கணவரை இழந்த ஒரு பெண்ணின் நிலத்தைக் கொழுந்தன்மார் உழுதுகொண்டார்கள் என்பது வழக்கு. ஜமுக்காளத்தில் ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்தார்கள். வழக்குக்கு உரியவள், இடுப்பில் பிள்ளையோடு, கோயிலின் பக்கச் சுவரோரம் நின்றிருந்தாள். அவளுக்காகச் சித்தப்பா முறையுள்ள ஒருவர் பேசினார். ஒரு கட்டத்தில், ஏதோ ஒரு தொகையை வாங்கிக்கொண்டு நிலத்தை விட்டுவிட அவளுக்குச் சம்மதம் என்று அவரே சொல்லிவிட்டார். ஒருவர்கூடத் திரும்பி அந்தச் சுவரைப் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்த பின் நான் அவளிடம் கேட்டேன். “என்னை யாரும் கேக்கலையேம்மா” என்றாள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவரின் சொத்தில் பிள்ளைகளோடு சமபங்குள்ள முதல் வகுப்பு வாரிசு அவள். அந்த உரிமை அன்றைக்கு அரை மணி நேரத்தில் கைமாறியது. விரைவும் இருந்தது, செலவும் இல்லை. ஆனால் அவள் அங்கே இல்லை.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். வாக்குப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் கிராம ஊராட்சி வேறு, சாதிப் பெரியவர்கள் கூடும் ஊர்ப் பஞ்சாயத்து வேறு. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சித் தலைவருக்குக்கூட வழக்கு விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தைத் தரவில்லை. அப்படியிருக்க, யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத நாட்டாமைக்கு அது எங்கிருந்து வரும்? உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சான்று காட்டிச் சிலர் எழுதியிருக்கிறார்கள். பராந்தக சோழன் காலத்து அந்தக் குடவோலை முறை நாம் பெருமைப்படத்தக்கது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடைய ஆண்களின் பெயர்கள் மட்டுமே அந்தக் குடத்துக்குள் போயின என்பதையும் அதே கல்வெட்டே சொல்கிறது.

கேள்வி: என் மகள் வேறு சாதிப் பையனைத் திருமணம் செய்துகொண்டாள். நாங்கள் அவளை வீட்டுக்கு அழைத்தோம் என்பதற்காக ஊர்க்கூட்டத்தில் எங்களுக்குத் தெண்டம் போட்டார்கள். கட்ட மறுத்ததால் எங்களைத் தள்ளி வைத்துவிட்டார்கள். கோயில் வரி வாங்குவதில்லை. கடையில் சாமான் கொடுப்பதில்லை. எங்களோடு பேசினால் அவர்களுக்கும் தெண்டம். என் மாமியார் இறந்தபோது தூக்குவதற்கு ஆள் வரவில்லை. சட்டம் எங்களுக்கு ஏதாவது செய்யுமா?
– வாசகி, வட மாவட்டம் ஒன்றிலிருந்து

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்துவிட்டு வெகுநேரம் என்னால் வேறு கடிதத்தை எடுக்க முடியவில்லை. கோயில் வரி வாங்க மறுப்பது என்றால் என்ன என்பது நகரத்து வாசகர்களுக்குப் புரியாமல் போகலாம். வரி கட்டும் தலைக்கட்டுகளின் கணக்கில் பெயர் இல்லாத குடும்பம், அந்த ஊரில் இல்லாத குடும்பம். திருவிழாவும் இல்லை, நல்லது கெட்டதும் இல்லை.

முதலில் சட்டம். உங்கள் மகள் உரிய வயது வந்தவர் என்றால், தன் துணையைத் தேர்வு செய்வது அவருடைய அடிப்படை உரிமை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில், 2011 ஏப்ரலில், உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்து என்ற பெயரையே குறிப்பிட்டு, அது முற்றிலும் சட்டவிரோதமானது, இரக்கமின்றி ஒழிக்கப்பட வேண்டியது என்றது. முன்கூட்டியே தெரிந்தும் இத்தகைய கொடுமைகளைத் தடுக்காத அதிகாரிகளைப் பணியிடைநீக்கம் செய்யவும் உத்தரவிட்டது. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் இன்னும் விரிவாகச் சொன்னது. வயது வந்த இருவரின் திருமணத்தில் தலையிட எந்தக் கூட்டத்துக்கும் உரிமையில்லை. அப்படி ஒரு கூட்டம் கூடப்போவதாகத் தெரிந்தால் காவல்துறை தடுக்க வேண்டும். மீறிக் கூடினால் துணைக் கண்காணிப்பாளர் நேரில் இருந்து, நடப்பதைக் காணொளியாகப் பதிவுசெய்ய வேண்டும். தம்பதிக்குப் பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும். அதற்கும் இரண்டு ஆண்டுகள் முன்பே, 2016 ஏப்ரலில், சென்னை உயர் நீதிமன்றம், ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோரைக் கொண்ட சிறப்புப் பிரிவும் இருபத்துநான்கு மணி நேரத் தொலைபேசி வசதியும் ஏற்படுத்த ஆணையிட்டது. சாதி மறுப்புத் திருமணம் செய்த சங்கர் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதற்கு அடுத்த மாதம் வந்த தீர்ப்பு அது.

இனி, சட்டத்தில் உள்ள ஓட்டையையும் மறைக்காமல் சொல்கிறேன். தள்ளி வைக்கப்பட்டவர்கள் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, தள்ளி வைத்தவர்கள் வேறு சாதியினராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி சமூகப் புறக்கணிப்பே தனிக்குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனால் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, உங்களுடையதைப் போலவே, சொந்தச் சாதிக்காரர்களே தள்ளி வைத்த கதைகள். அந்தச் சட்டம் அங்கே பொருந்தாது. மகாராஷ்டிரம் இதற்கென்றே 2016-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, சமூகப் புறக்கணிப்புக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்து, 2017 முதல் நடைமுறைப்படுத்துகிறது. சாதிப் பஞ்சாயத்தின் கொடுமையை நம்மைவிடக் குறைவாக அறிந்த மாநிலமில்லை அது, அறிந்ததனால்தான் இயற்றியது. அதற்கு ஈடான ஒரு சட்டம் தமிழ்நாட்டுக்கும் வேண்டும் என்பதை நான் இந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டே இருப்பேன்.

தனிச்சட்டம் இல்லை என்பதால் வழியே இல்லை என்று ஆகிவிடாது. மிரட்டித் தெண்டம் கேட்பது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவின்படி பணம் பறித்தல். கட்டாவிட்டால் பாருங்கள் என்று அச்சுறுத்துவது 351-ஆம் பிரிவின்படி குற்றமுறு மிரட்டல். எனவே புகாரில் ‘எங்களை ஒதுக்கி வைத்தார்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் எவ்வளவு தெண்டம் விதித்தார், என்ன வார்த்தை சொன்னார், எந்தக் கடைக்காரர் எந்த நாளில் சாமான் தர மறுத்தார் என்று எழுதுங்கள். தண்டோரா போட்டிருந்தாலோ, ஊர்க் குழுவில் வாட்ஸ்அப் செய்தி வந்திருந்தாலோ அதைப் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு, காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத்தபாலில் ஒரு மனு என இரண்டையும் ஒரே நாளில் கொடுங்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பாராமல், உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணையத்தை அழையுங்கள்.

கேள்வி: காவல் நிலையத்திலேயே ‘ஊரில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது?
– கல்லூரி மாணவர், தருமபுரி மாவட்டம்

பதில்: பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. பதிவுசெய்யாவிட்டால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-ஆம் பிரிவின்படி கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். அங்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போங்கள். புகார் கொடுத்ததற்கான மனு ரசீதை வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

கேள்வி: பதினைந்து வயதுப் பெண்ணைச் சீரழித்தவனுக்கே அவளைக் கட்டிவைப்பது என்று எங்கள் பக்கத்து ஊரில் பேசி முடித்திருக்கிறார்கள். பெண்ணின் பெற்றோரும் மானம் போகும் என்று ஒப்புக்கொண்டார்களாம். மூன்றாம் மனிதர்களான நாங்கள் தலையிட முடியுமா?
– ஆசிரியை, கொங்கு மாவட்டம் ஒன்றிலிருந்து

பதில்: முடியும். தலையிடாவிட்டால் நீங்களும் குற்றவாளி. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. அந்தக் கூட்டத்தில் தலையாட்டிய ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும். பாலியல் வன்முறை வழக்கில் சமரசம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை என்று மதன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. பெற்றோர் ஒப்புக்கொண்டார்கள் என்கிறீர்கள். ஒப்புக்கொள்ள அவர்களுக்கு உரிமையில்லை. அந்தக் குழந்தைக்கே அந்த உரிமை இல்லை என்றுதான் சட்டம் அவளைக் காக்கிறது. மேலே சொன்ன என் கேள்வியை இங்கே கேட்டுப்பாருங்கள்: ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு அவள் எந்த வீட்டுக்குப் போவாள்? இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால், உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பதில் அனுப்பிவிட்டேன். மற்ற வாசகர்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அழைத்தவர் பெயரை வெளியிட மாட்டார்கள்.

கேள்வி: நானும் என் கணவரும் பிரிந்துவிட்டோம். எங்கள் சாதி வழக்கப்படி ஊரில் தீர்த்துவிட்டார்கள். இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அவர் மறுமணம் செய்துகொண்டார். எனக்கு ஜீவனாம்சம் கிடைக்குமா?
– வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: வழக்கப்படியான மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29(2)-ஆம் பிரிவு ஏற்கிறது. பல சாதிகளில் அறுத்துக் கட்டும் வழக்கம் இருந்ததும், அதனால் வன்கொடுமை செய்யும் கணவனிடமிருந்து பெண்கள் எளிதாக விடுபட முடிந்ததும் உண்மை. அந்த அளவில் மரபு சட்டத்தைவிடப் பெண்ணிடம் கனிவாக இருந்திருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு, மாறாமல் இருந்துவருகிறது என்பதை, அதைச் சொல்பவர் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். 2002-இல் யமனாஜி ஜாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. மெய்ப்பிக்க முடியாவிட்டால் அந்த முத்திரைத்தாள் வெறும் தாள். நீங்கள் இன்றும் அவருடைய மனைவி, அவருடைய இரண்டாம் திருமணம் செல்லாது.

ஜீவனாம்சத்துக்கு இரண்டு வகையிலும் தடையில்லை. மணமுறிவு பெற்ற, மறுமணம் செய்யாத மனைவியும் கோரலாம். இனிக் கோர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்ததைப் பொதுக்கொள்கைக்கு முரணானது என்று நீதிமன்றங்கள் தள்ளிவிடுகின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆம் பிரிவு என்று சொல்லிவந்தது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவு. அந்தத் தாளின் நகல் உங்களிடம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வந்த இத்தகைய கடிதங்களில், ஏறக்குறைய எதிலுமே நகல் பெண்ணின் கையில் இல்லை.

கேள்வி: நான் இலங்கையின் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்தவள். முஸ்லிம்களின் திருமண, மணமுறிவு வழக்குகளை விசாரிக்கும் எங்கள் காதி நீதிமன்றங்கள் அரசு ஏற்றவை. அவற்றைக் கட்டப்பஞ்சாயத்தோடு ஒப்பிட முடியாதல்லவா?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: சகோதரி, முடியாதுதான். அரசே சட்டம் இயற்றி அமைத்தது என்பதால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. இந்தியாவில் ஜமாஅத்தோ ஷரீஅத் மன்றமோ சொல்லும் முடிவை ஏற்காதவர் மறுக்கலாம். ஃபத்வா எனும் மார்க்கத் தீர்ப்புக்குச் சட்டவலிமை இல்லை என்று 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. உங்கள் நாட்டில், 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, முஸ்லிம் பெண்ணுக்குக் காதியைத் தவிர வேறு வாசல் இல்லை. அந்தச் சட்டத்தில் காதியாக ஆண் மட்டுமே அமரலாம். வழக்கறிஞர் தோன்ற முடியாது. திருமணப் பதிவில் மணமகளின் கையெழுத்து இல்லாமல், ‘வலி’ எனப்படும் ஆண் பாதுகாவலரின் கையெழுத்தே போதும். குறைந்தபட்ச வயதும் இல்லை. இவை சமத்துவத்துக்கு முரண் என்று வழக்குத் தொடுக்கலாம் என்றால், அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு மாறாக இருந்தாலும் செல்லும் என்கிறது அதன் 16(1)-ஆம் உறுப்புரை. சீர்திருத்தத்துக்காக 2009-இல் அமைத்த குழு, நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில், அறிக்கை தந்ததே 2018-இல்தான். மாற்றம் கேட்டு முதலில் குரல் எழுப்பியவர்கள் முஸ்லிம் பெண்களே என்பதால், இதை மதத்துக்கு வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு என்று ஒதுக்க முடியாது.

கேள்வி: மரபுவழி நீதிமுறையை விமர்சிப்பது, பழங்குடிகளின் பண்பாட்டையே அவமதிப்பதாகாதா? ஐ.நா. இதை எப்படிப் பார்க்கிறது?
– ஆய்வு மாணவி, மதுரை

பதில்: ஐ.நா. மரபு மன்றங்களை ஒழிக்கச் சொல்லவில்லை. மனித உரிமைக் குழு 2007-இல் வெளியிட்ட 32-ஆம் பொதுக் கருத்துரை, சிறிய உரிமையியல், குற்றவியல் விவகாரங்களோடு அவை நிற்க வேண்டும், நியாயமான விசாரணையின் அடிப்படைகளைக் கடைப்பிடிக்க வேண்டும், முடிவுகளை அரசின் நீதிமன்றம் சரிபார்க்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் எதிர்த்துக் கேட்க வழி வேண்டும் என்கிறது.

1994 இனப்படுகொலைக்குப் பின் ருவாண்டாவின் சிறைகளில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். வழக்கமான நீதிமன்றங்களால் முடியாது என்பதால், புல்வெளியில் ஊர் கூடிப் பேசும் பழைய ‘கச்சாச்சா’ முறையை அந்நாடு சட்டமாக்கியது. 2012-இல் முடித்துவைக்கும்வரை ஏறத்தாழ 12,000 ஊர் மன்றங்கள் பத்தொன்பது லட்சம் அளவிலான வழக்குகளைத் தீர்த்தன. தங்கள் பிள்ளையின் உடல் எங்கே புதைக்கப்பட்டது என்பதைப் பல தாய்மார்கள் அங்கேதான் முதன்முதலாகக் கேட்டார்கள். வேறு எந்த நீதிமன்றமும் அதைத் தந்திருக்காது. அதே மன்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது, வெற்றிபெற்ற தரப்பின் படைகள் செய்த கொலைகளை விசாரிக்கவும் இடமில்லை. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

பண்பாடு என்ற சொல்லைப் பொறுத்தவரை, 2014 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் வீர்பூம் மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப்பாருங்கள். வேற்றுச் சமூகத்து ஆணோடு உறவு என்று ஒரு சந்தால் பழங்குடிப் பெண்ணுக்கு எதிராக ஊர் கூடியது. அந்த ஊர்க்கூட்டத்தின் கட்டளைப்படியே தான் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானதாக அவர் புகார் அளித்தார். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, அவரைக் காக்க அரசு தவறிவிட்டது என்று கூறி இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்தப் பெண்ணும் சந்தால்தான். பண்பாடு அவருக்கும் உரியது.

கேள்வி: நான் எங்கள் ஊரின் நாட்டாமை. தந்தைக்குப் பின் இந்தப் பொறுப்புக்கு வந்தேன். யாருக்கும் அநியாயம் செய்ய எனக்கு விருப்பமில்லை. சட்டத்துக்கு உட்பட்டு நான் என்ன செய்யலாம்?
– சிவகங்கை மாவட்டம்

பதில்: ஐயா, இத்தனை கடிதங்களில் உங்களுடையது ஒன்றுதான் இப்படிக் கேட்கிறது, உங்களுக்கு என் வணக்கம். அடிதடி, பெண்கள் குழந்தைகள் மீதான வன்முறை, சாதிக் கொடுமை, திருமணத் தேர்வு ஆகியவை உங்களிடம் வந்தால் கையிலெடுக்காமல், வந்தவரோடு காவல் நிலையத்துக்கோ சட்ட உதவி மையத்துக்கோ நீங்களே துணையாகப் போங்கள். தெண்டம் போடுவதையும் காலில் விழச் சொல்வதையும் இன்றோடு நிறுத்துங்கள். வழக்கு யாருடையதோ அவர் ஜமுக்காளத்தில் உட்காரட்டும், அவர் வாயால் பேசட்டும். பெண் என்றால் அவரோடு இன்னும் சில பெண்களும் உட்காரட்டும்.

கடனோ வரப்போ பேசி முடிந்ததும், அதோடு விடாமல், இரு தரப்பையும் தாலுகா சட்டப்பணிகள் குழுவுக்கு அழைத்துப் போங்கள். அங்கே மக்கள் நீதிமன்றத்தில், வழக்கே தொடுக்காத நிலையிலும், சமரசத்தைப் பதிவுசெய்யலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை, அந்த உத்தரவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். பதிவதற்கு முன், சம்மதந்தானா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்பார்கள். இல்லை என்று அங்கே ஒருவர் சொன்னால், அவரை அழைத்துவந்த அதே வண்டியில் பத்திரமாக ஊருக்குத் திரும்பக் கூட்டிவாருங்கள்.